அழுத்தமின் பீங்கானும் அதன் நுண்பரல்களும்

எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க இன்று தீப்பெட்டியைத் தேடுவோர் குறைவு. கையடக்கமான ஒரு கருவியின் விசையை அழுத்துகிறோம்; 'டக்' என்ற ஓசையோடு பொறி தெறிக்கிறது. இவ்வகைக் கருவிக்குள் மின்கலம் இல்லை. மின்கம்பி இணைப்பும் இல்லை. உள்ளே இருப்பவை ஒரு சுருள்வில்லும், ஒரு சிறு சுத்தியும், விரல்நுனி அளவான ஒரு பீங்கான் துண்டுமே. சுத்தியின் அடியைத் தாங்கும் அத்துண்டு, ஒரு கணம் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை ஈன்று தருகிறது. தாயின் வயிற்றிலுள்ள சிசுவைக் காட்டும் மருத்துவக் கருவியிலும், கடலின் ஆழத்தில் நீர்மூழ்கியைத் தேடும் கருவியிலும் இவ்வினப் பீங்கானே தொழில் செய்கிறது.

அழுத்தினால் மின்சாரம் பிறப்பதையும், மின்சாரத்தைச் செலுத்தினால் வடிவம் சிறிதே மாறுவதையும் அழுத்தமின் விளைவு என்பர். இவ்விளைவை ஒரு பீங்கானில் பெறுவதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் சிலவே. ஆனால் அவற்றை எவ்வளவு நுண்ணிய பரல்களாக ஆக்குவது, அதை எவ்வளவு குறைந்த செலவில் ஆக்குவது என்ற இரு வினாக்களும் அறிஞர்களை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உழைக்க வைத்துள்ளன. அவ்வுழைப்பின் வரலாற்றையே இங்கு நாம் காண முற்படுகிறோம்.

இக்கதையின் தொடக்கம் இலங்கையைத் தொட்டுச் செல்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர் இலங்கையிலிருந்து ஒருவகை மணிக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சூடேற்றினால் அக்கல் சாம்பலைத் தன்பால் இழுத்தது. 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லிலிருந்தே அதற்கு டூர்மலின் என்ற பெயர் ஏற்பட்டது. வெப்பத்தால் மின்னூட்டம் பெறும் கல், அழுத்தத்தாலும் அவ்வாறு பெறுமோ என்று ஆராய்ந்தவர்கள் பிரெஞ்சுச் சகோதரர்களான ஷாக் கியூரியும் பியர் கியூரியும் ஆவர். 1880-இல் டூர்மலின், குவார்ட்ஸ், ரோஷெல் உப்பு முதலிய படிகங்களில் அழுத்தமின் விளைவை அவர்கள் மெய்ப்பித்தனர்.

நெடுங்காலம் இக்கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்து வியப்பாகவே இருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் தொல்லை மிகுந்தபோது, பியர் கியூரியின் மாணாக்கரான பால் லான்ஜெவன் 1917-இல் குவார்ட்ஸ் தகடுகளை எஃகுத் தகடுகளிடையே பொருத்திக் கடலுள் ஒலியைச் செலுத்தி, எதிரொலியைக் கேட்டார். அன்று முதல் அழுத்தமின் பொருளுக்குத் தேவை பெருகியது. ஆனால் நல்ல குவார்ட்ஸ் படிகம் பூமி தரும் கொடை. வேண்டிய அளவில், வேண்டிய வடிவில் அது கிட்டுவதில்லை. ரோஷெல் உப்பை எளிதில் விளைவிக்கலாம். இசைத்தட்டுக் கருவிகளிலும் ஒலிவாங்கிகளிலும் அது பயன்பட்டது. எனினும் ஈரக்காற்றில் கரையும். சற்றே சூடேறினால் கெடும். மழைக்காலத்தைத் தாங்காத பொருளை நம்பி எத்தொழிலை நடத்துவது?

இரண்டாம் உலகப் போர் வேறொரு வழியைத் திறந்தது. வானொலிக் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு அக்காலத்தில் அபிரகத் தகடுகள் இன்றியமையாதவை. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கொடர்மாச் சுரங்கங்கள் உட்பட, நம் நாடே உலகுக்குத் தகட்டு அபிரகத்தைப் பெருமளவில் வழங்கி வந்தது. போர்க்காலக் கடல்வழிகள் நம்பத்தகாதவையாகவே, மாற்றுப் பொருளைத் தேடும் முயற்சி தீவிரமாயிற்று. 1940-களின் முற்பகுதியில் அமெரிக்காவிலும், ஜப்பானிலும், சோவியத் நாட்டிலும் ஒருவரையொருவர் அறியாமலே அறிஞர்கள் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானின் அரிய மின்குணத்தைக் கண்டனர். மின்தேக்கிக்கெனத் தேடிய பொருள் அழுத்தமின் தொழிலுக்கும் உதவும் என்பது பின்னரே வெளிப்பட்டது.

பீங்கானுக்கும் படிகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் அறிந்துகொள்ளுதல் நலம். உடைந்த பீங்கானின் முறிந்த முகத்தை நுண்ணோக்கியால் நோக்கினால், அது கல்லுப்பைக் கொட்டி இறுக்கியதுபோலப் பரல் பரலாகத் தோன்றும். ஒவ்வொரு பரலும் ஒரு சிறு படிகம். பரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை நோக்கிக் கிடப்பதால், ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே பீங்கானிலிருந்து அழுத்தமின் விளைவைப் பெறுதல் இயலாதென்றே பலரும் எண்ணினர். 1940-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஈரி ரெஸிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரே, சுட்ட பேரியம் டைட்டனேட்டின்மீது வலிய மின்புலத்தைச் செலுத்திப் பரல்களின் உட்திசைகளை இயன்றவரை ஒருமுகமாகத் திருப்பினார். மின்புலத்தை நீக்கிய பின்னும் அத்திசை நிலைத்தது. மண்பாண்டம்போல் வடித்துச் சுட்ட துண்டு, அழுத்தினால் மின்சாரம் தந்தது. பூமியின் கொடைக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை அன்று மாறியது.

பேரியம் டைட்டனேட்டுக்கும் ஒரு குறை உண்டு. ஏறத்தாழ 120 பாகை சென்டிகிரேடைக் கடந்தால் அதன் அழுத்தமின் குணம் அற்றுப்போகும். 1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர்கள் ஈய ஸிர்க்கோனேட்டும் ஈய டைட்டனேட்டும் கலந்த கலவைகளை ஆராய்ந்து வந்தனர். 1954-இல் அமெரிக்கத் தரநிர்ணயக் கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் ஜாஃபேயும் அவர்தம் துணைவரும், இவ்விரண்டும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேரும் எல்லையில் அழுத்தமின் விளைவு உச்சம் பெறுவதைக் கண்டனர். அன்று முதல் ஈயக் கலவையே இத்தொழிலின் அரசாயிற்று. அதனுடன் ஈயத்தின் தீங்கும் தொழிற்சாலைக்குள் புகுந்தது.

அத்தீங்கின் காரணத்தை அறியத் தயாரிப்பு முறையைப் பார்க்க வேண்டும். ஈயம், ஸிர்க்கோனியம், டைட்டேனியம் ஆகியவற்றின் ஆக்ஸைடு தூள்களை எடைபோட்டுக் கலப்பர், கடினக் குண்டுகள் இட்டுச் சுழலும் உருளையில் அரைப்பர், உலையில் முதற் சூடு கொடுத்து அவற்றை வினைபுரியச் செய்வர், மீண்டும் அரைப்பர், அச்சிலிட்டு அழுத்தி, ஏறத்தாழ 1200 பாகைக்கு மேல் சுட்டு இறுக்குவர். கேட்பதற்கு எளிய இம்முறையில் ஓர் இடர் உள்ளது. எவ்வளவு அரைத்தாலும் ஒரு தூளின் துகள் மற்றொன்றினின்று அணுக்களின் கணக்கில் வெகுதொலைவிலேயே இருக்கும். அத்தொலைவை அணுக்கள் கடந்து ஒன்றுகூட மிகுந்த வெப்பம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் இரு கேடுகள் நேரும். ஈய ஆக்ஸைடு ஆவியாகிக் கலவையின் விகிதம் பிறழும். அவ்வாவி உலையருகே நிற்பவர்களின் உடலுக்கு நஞ்சாகும். மற்றொன்று, சிறிய பரல்களைப் பெரிய பரல்கள் விழுங்கி வளரும்.

பரல் பெருத்தால் என்ன என்று கேட்கலாம். பருத்த பரல்களாலான பீங்கான் வலிமை குன்றியது. மின்னழுத்தத்தையும் நன்கு தாங்காது. மருத்துவக் கருவியின் தலைப்பகுதியில் இப்பீங்கானைத் தலைமயிரின் தடிமனுக்கு ஒப்பான நுண்தூண்களாக அறுக்கிறார்கள். தூணின் அகலத்துக்குள் நாலைந்து பரல்களே இருக்குமாயின் வாளின் முனை பட்டவுடன் விளிம்பு பெயர்ந்துவிடும். மின்தேக்கிகளின் படலங்களோ ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனுக்கு வந்துவிட்டன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அத்தகைய படலத்தில் பெரும்பரலுக்கு இடமேது?

பரலின் அளவு வலிமையை மட்டுமன்றி மின்குணத்தையும் மாற்றும் என்பது 1950-களிலேயே புலப்பட்டது. பேரியம் டைட்டனேட்டின் பரல் ஏறத்தாழ ஒரு மைக்ரானாகச் சுருங்கும்போது, மின்னைத் தேக்கும் அதன் ஆற்றல் பருபரல் பீங்கானைப்போல் இரண்டு மூன்று மடங்காக உயர்ந்தது. 1966-இல் பியூசம், கிராஸ், கோஸ்வாமி ஆகிய மூவர் இதற்கு விளக்கம் தர முயன்றனர். பரலுக்குள் நிலவும் உள்ளிறுக்கமே காரணம் என்பது அவர்தம் கருத்து. பிற்காலத்தார் வேறு விளக்கங்களையும் சேர்த்தனர். ஆயினும் பரலை அளவிறந்து சுருக்கினாலும் பயனில்லை. ஒரு மைக்ரானுக்கு மிகக் கீழே சென்றால் அழுத்தமின் விளைவு மீண்டும் குன்றுகிறது. இட்லிக்கு அரிசியை அரைக்கும் பதம்போல இதற்கும் ஒரு பதம் உண்டு.

அப்பதத்தை அடைய முதலில் எடுத்த வழி செல்வர் வழி. உலைக்குள் சூடும் பெரும் அழுத்தமும் ஒருங்கே தரும் எந்திரத்தை 1960-களில் பயன்படுத்தினர். அழுத்தம் துணைநிற்பதால் சூடு குறைவாகப் போதும். பரல்கள் வளருமுன் இடைவெளிகள் மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் ஹேர்ட்லிங், லாண்ட் என்போர் இவ்வழியே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பீங்கானைக்கூட ஆக்கினர். அணுகுண்டின் ஒளியிலிருந்து விமானிகளின் கண்களைக் காக்கும் கண்ணாடிகளுக்கு அது பயன்பட்டது. ஆனால் எந்திரத்தின் விலை மிகுதி. அச்சுகள் விரைவில் தேயும். ஒரு தடவைக்குச் சில துண்டுகளே கிட்டும். பாதுகாப்புத் துறைக்கு ஏற்ற இம்முறை, அடுப்புப் பற்றவைக்கும் கருவிக்கு ஏற்குமா?

எளியோர் வழி வேதியியலிலிருந்து பிறந்தது. அதன் அடிப்படைக் கருத்து இதுதான்: அணுக்களை உலையில் கலக்க முயல்வதைவிட நீரிலேயே கலந்துவிட்டால் உலைக்கு வேலை குறையும். 1956-இல் அமெரிக்கத் தரநிர்ணயக் கழகத்தின் கிளாபா, ஸ்விகார்ட், கில்கிறிஸ்ட் ஆகியோர் பேரியத்தையும் டைட்டேனியத்தையும் ஆக்ஸலேட்டாக ஒருசேர வீழ்படியச் செய்தனர். வீழ்படிவின் ஒவ்வோர் அலகிலும் இரு உலோகங்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தன. அதை மிதமான வெப்பத்தில் எரித்தாலே தூய, நுண்ணிய பேரியம் டைட்டனேட் தூள் கிடைத்தது.

அதே காலத்தில் ராஞ்சியில் 1924-இல் பிறந்து, பாட்னாவில் பயின்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ரஸ்டம் ராய், கரைசலைக் கூழாக்கி, கூழை உலர்த்தித் தூளாக்கும் முறையைத் தம் ஆய்வுகளில் கையாண்டார். இன்று கூழ்ம முறை என உலகெங்கும் வழங்கும் நெறிக்கு வழிகோலியவர்களுள் அவரும் ஒருவர். பீங்கான் ஆராய்ச்சியில் அப்பல்கலைக்கழகம் பெற்ற புகழில் நம் நாட்டில் பிறந்த ஒருவரின் பங்கு இவ்வாறு அமைந்தது.

1967-இல் ஸ்ப்ராக் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பெச்சினி என்பார் காப்புரிமை பெற்ற முறை, நம் சமையலறைக்கு வெகு அணுக்கமானது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் உலோக அணுக்களைப் பற்றிக்கொள்ளும். அதனுடன் எதிலீன் கிளைக்கால் சேர்த்துக் காய்ச்சினால் கரைசல் பாகாக முறுகி, பிசின்போல் இறுகும். பாகு இறுகும்போது உலோக அணுக்கள் விலகியோட வழியின்றி அங்கங்கே சிறைப்படும். பிசினைக் கருக்கி எரித்தால் கரிமப்பொருள் போய், நன்கு கலந்த நுண்தூள் எஞ்சும். ஒரு கண்ணாடிக் குடுவையும், ஒரு சூட்டுத் தட்டும், ஓர் எளிய உலையும் உள்ள கல்லூரியிலும் இதைச் செய்யலாம். நம் நாட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இம்முறையும் இதன் வழிமுறைகளும் இடம்பெற்றதில் வியப்பில்லை.

நம் நாடு உலகுக்குத் தந்த முறை ஒன்றையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீலும் அவர் மாணாக்கர் கிங்ஸ்லியும் 1988-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் நீரில் கரைத்து, 500 பாகை சூட்டிலுள்ள சாதாரண உலைக்குள் வைத்தனர். கரைசல் கொதித்து, நுரைத்து, தானே தீப்பற்றியது. சில நிமிடங்களுக்குள் தீ அடங்கியபோது பாத்திரம் நிறைய, நுரைபோன்ற மென்மையான அலுமினா எஞ்சியது. 1000 பாகைக்கு மிக மேலான வெப்பத்தை வெளியிலிருந்து ஊட்டாமல், கலவையே தன்னுள்ளிருந்து எழுப்பிக்கொண்டது. உலைச்செலவை மிச்சப்படுத்திய அவ்வெப்பத்தின் மூலம், வயலுக்கு இடும் யூரியா! பின்னர் வேறு எரிபொருள்களையும் கொண்டு டைட்டனேட், ஸிர்க்கோனேட் முதலிய மின்பீங்கான் தூள்களையும் அக்குழுவினர் ஆக்கினர். இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இந்த எரிமுறையைக் கையாளுகின்றன. பெங்களூரில் வாழும் நம்மவர் பலர் அக்கழகத்தின் வாயிலை நாள்தோறும் கடந்து செல்வர். அதனுள் பிறந்த இச்செய்தியை அவர்களும் அறிதல் தகும்.

இவ்வளவு முறைகள் இருந்தும் பெருந்தொழிற்சாலைகள் ஏன் பழைய வழியை முற்றிலும் கைவிடவில்லை? ஈயப் பீங்கானின் பெரும்பகுதி இன்றும் ஆக்ஸைடு தூள்களை அரைத்துச் சுடும் முறையிலேயே ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் ஆக்குவதற்கு மலிவான வழி, டன் கணக்கில் ஆக்கும்போது மலிவாக இராது. பாகு முறையில் எரிந்துபோகும் பொருள் எஞ்சும் தூளைவிட மிகுதி. எரிமுறையில் நைட்ரஜனின் நச்சுவாயுக்களை அடக்க வேண்டும். ஈயத்தின் இழப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். மிக நுண்ணிய தூள் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டால் அச்சில் சீராக நிரம்பாது. ஆகவே மலிவு என்பதை மூலப்பொருளின் விலையால் மட்டும் அளத்தல் ஆகாது. உலைக்கு இடும் எரிபொருள், கழிக்கும் துண்டுகள், தொழிலாளியின் உடல்நலம் ஆகிய யாவும் அக்கணக்கில் சேர வேண்டும். ஆயினும் நீரில் பிறந்த முறைகள் வீணாகவில்லை. அழுத்தமுற்ற வெந்நீரில் பேரியம் டைட்டனேட்டை விளைவிக்கும் முறை ஜப்பானில் வணிக அளவில் வளர்ந்து, மின்தேக்கித் தொழிலுக்குத் தூளை வழங்கியது.

வெப்பத்தைக் குறைப்பதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. பல படலங்களை அடுக்கி ஆக்கும் பீங்கானில் இடையிடையே உலோகப் பூச்சை வைத்து ஒன்றாகச் சுட வேண்டும். 1200 பாகையைத் தாங்குவதற்குப் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் தேவை. வெள்ளி 961 பாகையில் உருகிவிடும். எளிதில் உருகும் ஆக்ஸைடுகளைச் சிறிதளவு சேர்த்துச் சுடும் வெப்பத்தை 900 பாகையளவுக்குத் தாழ்த்தினால் வெள்ளியே போதும். ஈயமும் அவ்வளவாக ஆவியாகாது, பரலும் பெருக்காது. ஒரு சிட்டிகை துணைப்பொருள் மூன்று வகையில் உதவுகிறது.

சுடும் கலையிலும் ஒரு புதுமை பிறந்தது. 2000-ஆம் ஆண்டில் ஐ-வெய் சென், வாங் என்ற இருவர் ஓர் எளிய உண்மையை வெளியிட்டனர். பீங்கானை உயர்ந்த வெப்பத்துக்குச் சிறுபொழுதே ஏற்றி, உடனே தாழ்ந்த வெப்பத்துக்கு இறக்கி, அங்கு நெடுநேரம் நிறுத்தினால் இடைவெளிகள் மூடிக்கொள்ளும். ஆனால் பரல்கள் வளர மாட்டா. பொங்கி வந்ததும் தீயைத் தணித்துச் சோற்றை நிதானமாகப் புழுங்க விடுவதை ஒத்தது இது. புதிய எந்திரம் ஏதும் வேண்டுவதில்லை. உலையின் சூட்டை ஆளும் பொறுமை ஒன்றே வேண்டும்.

இம்முறையின் பயன் பழைய பேரியம் டைட்டனேட்டில் வியக்கத்தக்கவாறு வெளிப்பட்டது. சாதாரணமாகச் சுட்ட அப்பீங்கான், ஒரு நியூட்டன் விசைக்கு ஏறத்தாழ 190 பிக்கோகூலும் மின்னூட்டமே தரும். ஜப்பானின் கராக்கி குழுவினர், வெந்நீரில் விளைந்த நுண்தூளை இருபடியாகச் சுட்டு, 460 பிக்கோகூலும் வரை பெற்றதாக 2007-இல் அறிவித்தனர். பொருள் அதுவே, கலவையில் மாற்றமில்லை, மாறியது பரலின் அளவும் அமைப்புமே. ஈயக் கலவை வந்ததும் பின்தள்ளப்பட்ட ஒரு பொருள், அரை நூற்றாண்டுக்குப் பின், ஈயமின்றியே ஈயக் கலவைகள் பலவற்றுக்கு நிகராக நின்றது. 120 பாகை என்ற எல்லை இன்னும் அதற்கு உண்டு. ஆதலால் எல்லா இடத்திலும் அது ஈயத்தை அகற்றிவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் உலையருகே நிற்கும் தொழிலாளிக்கும், குப்பைக் குவியலில் பழைய மின்கருவிகளைப் பிரித்தெடுக்கும் ஏழைக்கும் இது நற்செய்தியே. 2016-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளைவ் ராண்டல் குழுவினர், சிறிது நீரும் அழுத்தமும் கொண்டு 300 பாகைக்கும் கீழே பீங்கான்களை இறுக்கும் வழியை விளக்கினர். ஈயக் கலவைக்குப் பின்னொரு சூடு தேவைப்பட்டாலும், பயணத்தின் திசை தெளிவாகிறது.

நேயர்களே, இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முதலில் மனிதன் இயற்கைப் படிகத்துக்காகக் காத்திருந்தான்; பின்னர்ப் பெருநெருப்பை நம்பினான்; பின்னர்ப் பெரும் எந்திரத்தை நம்பினான்; இறுதியில், நெருப்புக்கு முன்னரே செய்ய வேண்டியவற்றைச் செவ்வையாகச் செய்தால் நெருப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தெளிந்தான். இத்தெளிவே செல்வமில்லாத ஆய்வுக்கூடத்தையும் செல்வமுள்ளதற்கு அருகே நிறுத்தியது.

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. கல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் 1950-இல் தொடங்கியது. டெல்லியை அடுத்த சாஹிபாபாதில் 1974-இல் நிறுவப்பட்ட மத்திய மின்னணு நிறுவனம் அழுத்தமின் பீங்கான்களை ஆக்கும் துறையில் ஈடுபட்டது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலும் குஜராத்தின் மோர்பியிலும் பீங்கான் சூளைகள் புகையும் ஊர்கள் உள்ளன. ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் உலைகளோடு பழகியவர் நம்மவருள் பலர். சூட்டைக் கண்ணால் பார்த்தே அளந்த தலைமுறையின் அனுபவமும், குடுவையில் பாகு காய்ச்சும் இளைஞரின் கல்வியும் ஒன்று கூடினால் பயன் பெரிது. விலைகொடுத்து வாங்கும் எந்திரத்தை எவரும் வாங்கிவிடலாம்; பதம் அறிந்து சுடும் திறனை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.